பிழைபட்ட சொல்லின் விலை

மருந்து பிழைத்தால் வைத்தியரைக் கேட்கலாம். கணக்குப் பிழைத்தால் கணக்கரைக் கேட்கலாம். முதியவர் ஒருவருக்கு அவருடைய சுகாதாரக் காப்புறுதியைப் பற்றிச் சொல்லப்பட்ட சொல் பிழைத்தால் யாரைக் கேட்பது? 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில், நியூ ஜேர்சியில் உள்ள என் தமக்கையார் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் இந்தக் கேள்வி என் மனத்தில் எழுந்தது. அன்று தொட்டு அஃது என்னை விட்டு நீங்கவில்லை.

அத்தான் எழுபத்து நான்கு வயதினர். யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியராயிருந்து, எண்பதுகளின் பிற்பகுதியில் அமெரிக்காவிற் குடியேறி, அங்கே ஒரு கணக்காளர் கந்தோரில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். எண்களைக் கண்டு அஞ்சுபவரல்லர். ஆயினும் அன்று சாப்பாட்டு மேசையிற் குவிந்து கிடந்த கடிதங்களுக்கு முன்னே அவர் திகைத்துப்போய் இருந்தார். எல்லாக் கடிதங்களிலும் ஒரே நீல நிறம். எல்லாவற்றிலும் 'மெடிக்கெயார்' என்ற சொல். பலவற்றில் 'உடனே கவனிக்கவும்' என்ற கட்டளை.

"தம்பி, இதிலை எது அரசாங்கத்தின்ரை, எது கொம்பனிக்காரற்றை எண்டு எனக்கே விளங்கேல்லை. நீர் ஒருக்காப் பாரும்" என்றார்.

நானும் பார்த்தேன். எனக்கும் விளங்கவில்லை.

நம் நாட்டில் நோய் வந்தால் அரசாங்க வைத்தியசாலைக்குப் போகிறோம். வரிசையில் நிற்கும் தொல்லை உண்டு. மருந்து வெளியில் வாங்கிவரச் சொல்லும் நாட்களும் உண்டு. ஆயினும் 'நீர் எந்தத் திட்டத்தைச் சேர்ந்தவர்?' என்று வாயிலில் நின்று எவரும் கேட்பதில்லை. ஆகையால், அந்த மேசையின் முன் அத்தான் அடைந்த திகைப்பை நம்மவர்க்கு விளக்குவதற்குச் சிறிது வரலாறு சொல்லவேண்டும்.

மெடிக்கெயார் என்பது ஐக்கிய அமெரிக்காவில் அறுபத்தைந்து வயதை அடைந்தோர்க்கான அரசாங்கக் காப்புறுதி. அதற்கான சட்டத்தில் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் 1965 யூலை 30ஆம் நாள் ஒப்பமிட்டார். மிசூரி மாநிலத்து இன்டிபென்டன்ஸ் நகரில், முன்னாள் ஜனாதிபதி ஹரி ட்ரூமனின் நூல் நிலையத்துக்குச் சென்று, அம்முதியவரை அருகில் இருத்திக்கொண்டே அதனைச் செய்தார். 1945இல் நாட்டு மக்கள் அனைவர்க்கும் சுகாதாரக் காப்புறுதி வேண்டுமென்று கேட்டு, அதனைப் பெற இயலாது போனவர் ட்ரூமன். மெடிக்கெயாரின் முதல் அட்டை அவருக்கே வழங்கப்பட்டது. 1966 யூலை 1ஆம் நாள் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வைத்தியசாலைச் செலவுக்கு ஒரு பகுதி. வைத்தியர் செலவுக்கு மற்றொரு பகுதி. அந்நாளில் முதியவர் ஒருவர் அறிந்திருக்கவேண்டியது ஏறத்தாழ அவ்வளவே.

பின்னர் அந்த ஒற்றையடிப் பாதை பல கிளைகளாகப் பிரிந்தது. 1997ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் தனியார் காப்புறுதி நிறுவனங்களை இதற்குள் விரிவாகக் கொண்டுவந்தன. 2006 முதல் மருந்துகளுக்கென வேறொரு பகுதி வந்தது. இன்று ஆறரைக் கோடிக்கு மேற்பட்டோர் மெடிக்கெயாரில் இருக்கின்றனர். அவர்கள் அரசாங்கத்தின் பழைய வழியிலே நிற்கலாம். அல்லது அரசாங்கம் தலைக்கு இவ்வளவெனப் பணம் கொடுக்க, தனியார் நிறுவனம் நடத்தும் திட்டத்திற் சேரலாம். தனியார் திட்டங்களிற் பற்களுக்கும் கண்ணாடிக்கும் சலுகை கிடைப்பதுண்டு. ஆனால் அத்திட்டத்தின் பட்டியலிலுள்ள வைத்தியரிடமே பெரும்பாலும் போகவேண்டும். சில சிகிச்சைகளுக்கு முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். 2023 முதல், தெரிவு செய்யும் உரிமை உடையோரிற் பாதிக்கு மேற்பட்டோர் இந்தத் தனியார் வழியிலேயே இருக்கின்றனர்.

இரண்டிலே எது நன்று என்று தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. அவரவர் நோயும் கையிருப்பும் ஊரும் அதனைத் தீர்மானிக்கும். என் கவலை வேறு. தெரிவு என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால், அந்தத் தெரிவுக்கு வேண்டிய உண்மைகளையும் கொடுக்கவேண்டும். உண்மையில்லாத தெரிவு உரிமையாகாது, அது பொறியாகும்.

ஆண்டுதோறும் ஒக்டோபர் 15 முதல் டிசெம்பர் 7 வரை முதியோர் தம் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். 2024ஆம் ஆண்டுக்கு ஒருவர் முன் சராசரியாக நாற்பதுக்கு மேற்பட்ட தனியார் திட்டங்கள் இருந்தன என்று கே.எவ்.எவ். என்னும் சுகாதார ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. பத்துப் பேரில் ஏறத்தாழ ஏழு பேர் எதையும் எதனோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை என்பதும் அந்நிறுவனம் கண்ட உண்மையே. இதைக் கேட்டு 'முதியோர் சோம்பேறிகள்' என்று சொல்பவர் அந்த மேசையின் முன் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும்.

அந்த ஏழு வாரங்களிலும் வீட்டுத் தொலைக்காட்சி ஓய்வதில்லை. பழைய விளையாட்டு வீரர்களும் நடிகர்களும் தோன்றி, 'உங்களுக்குரிய சலுகைகளை இழந்துவிடாதீர்கள், இப்பொழுதே அழையுங்கள்' என்கின்றனர். 2022ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் இத்தகைய விளம்பரங்கள் ஆறு இலட்சத்து நாற்பதினாயிரம் தடவைக்கு மேல் ஒளிபரப்பாயின. அவற்றில் நான்கில் ஒன்றுக்கு மேல், அரசாங்க மெடிக்கெயார் அட்டையையோ அதனை ஒத்த அட்டையையோ காட்டின. ஒருவர் தம் பணப்பையில் எதனை மிகுந்த நம்பிக்கையோடு வைத்திருக்கிறாரோ, அதன் உருவத்தையே இரவல் வாங்கி அவரிடம் வாணிகம் செய்வது இது. 2020இல் 15,497ஆக இருந்த விற்பனை பற்றிய முறைப்பாடுகள் 2021இல், டிசெம்பர் மாதத்தைக் கணக்கிற் சேர்க்காமலே, 39,617ஆக உயர்ந்தன.

அரசாங்கம் வாளா இருந்தது என்று சொல்வதற்கில்லை. 2023 முதல் தொலைக்காட்சி விளம்பரங்களை ஒளிபரப்புமுன் காட்டி அனுமதி பெறவேண்டும் என்று விதித்தது. திட்டத்தின் பெயரைச் சொல்லாத விளம்பரங்களையும், மெடிக்கெயாரின் பெயரையும் அட்டையையும் மயக்கம் தரும் வகையிற் பயன்படுத்துவதையும் 2024ஆம் ஆண்டுத் திட்டங்களுக்கான விதிகள் தடுத்தன. பெரும் பொய்கள் இதனாற் குறையலாம். ஆனால் என் அத்தானை வீழ்த்தியது பெரும் பொய்யன்று, சிறு பிழை.

அவருடைய பழைய திட்டம் அடுத்த ஆண்டிற் செலவைக் கூட்டப்போவதாக அறிவித்திருந்தது. ஆகவே வேறொரு திட்டத்தைத் தேடினார். 2019இல் இருதய இரத்தக்குழாய் ஒன்றிற்குச் சிகிச்சை பெற்றவராதலால், அவர் கேட்ட முதற் கேள்வி ஒன்றே: "என் இருதய வைத்தியர் இதில் இருக்கிறாரா?" தொலைபேசியிற் பேசிய தரகர் 'இருக்கிறார்' என்றார். திட்டத்தின் வைத்தியர் பட்டியலை நானே கணினியில் திறந்து பார்த்தேன். பெயர் இருந்தது, விலாசமும் இருந்தது. 'பயமில்லை, அத்தான்' என்று சொன்னவனும் நானே. அவர் ஒப்பமிட்டார், நான் ஊர் திரும்பினேன்.

2025 சனவரியில் அக்கா தொலைபேசியில் அழைத்தார். இருதய வைத்தியருடைய மனையில் அட்டையைக் காட்டியபொழுது, 'நாங்கள் இந்தத் திட்டத்தை விட்டு நெடுநாளாயிற்று' என்றார்களாம். திட்டத்தாரைக் கேட்டால், 'வைத்தியர் எங்களுக்கு அறிவிக்கவில்லை' என்றனர். வைத்தியர் மனையைக் கேட்டால், 'நாங்கள் அறிவித்தோம்' என்றனர். தரகரின் தொலைபேசி மணியடித்துக்கொண்டே இருந்தது. வழக்கமான பரிசோதனை இரண்டு மாதம் தள்ளிப்போயிற்று. அந்த இரண்டு மாதமும் அக்கா இரவில் அத்தானுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டு விழித்திருந்தார் என்பது எந்தப் பட்டியலிலும் பதியப்படவில்லை.

இஃது ஒரு தனி மனிதரின் அவப்பேறாயின் இங்கு எழுதமாட்டேன். மெடிக்கெயாரை நடத்தும் மத்திய நிர்வாகமே 2016 முதல் 2018 வரை மூன்று சுற்றுகளாக இத்தகைய வைத்தியர் பட்டியல்களைச் சோதித்தது. பரிசோதித்த இடங்களில் முதற் சுற்றில் நூற்றுக்கு 45க்கும், இரண்டாவதில் 52க்கும், மூன்றாவதில் ஏறத்தாழ 49க்கும் ஏதேனும் ஒரு பிழை இருக்கக் கண்டது. 2023இல் செனற் சபையின் நிதிக் குழுவினர் ஆறு மாநிலங்களிற் பன்னிரண்டு திட்டங்களின் பட்டியலிலிருந்த 120 உளநல வைத்திய இடங்களை நோயாளர்போல் அழைத்துப் பார்த்தனர். சந்திப்புக்கு நாள் கிடைத்தது நூற்றுக்குப் பதினெட்டு அழைப்புகளில் மட்டுமே. வைத்தியரில்லாத இவ்வகைப் பட்டியலுக்கு அந்நாட்டார் 'பேய் வலை' என்று பெயரிட்டிருக்கின்றனர். பெயர் பொருத்தமானதே. பேயைக் கண்டவர் உண்டு. அதனிடம் மருந்து பெற்றவர் இல்லை.

இதற்குத் தனியாரை மட்டும் குறைகூறுவது நடுவுநிலையாகாது. 2004இல் அந்நாட்டுக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம், மெடிக்கெயாரின் சொந்தத் தொலைபேசி உதவிச் சேவையை 420 அழைப்புகளாற் சோதித்தது. பத்தில் ஆறுக்கே சரியான விடை கிடைத்தது. நூற்றுக்கு 29க்குப் பிழையான விடை. எஞ்சியவற்றுக்கு விடையே இல்லை. 2018இல், அடுத்த ஆண்டுக்காக எல்லா முதியோர்க்கும் அனுப்பப்படவிருந்த அரசாங்கக் கைந்நூலின் வரைவு இரு வழிகளையும் சரிவர ஒப்பிடாது தனியார் வழியின் பக்கம் சாய்கிறது என்று முதியோர் உரிமைக் கழகங்கள் ஆட்சேபித்தன. நடுநின்று சொல்லவேண்டிய வாய் ஒருபுறம் சாய்ந்தால், விளம்பரக்காரரைக் கண்டிக்கும் தகுதி அதற்கு ஏது?

வைத்தியர்களின் தரப்பையும் கேட்கவேண்டும். ஒரு சிறு வைத்திய மனை பல திட்டங்களோடு ஒப்பந்தம் செய்திருக்கும். ஒவ்வொரு திட்டமும் தனித்தனிப் படிவத்தில், தனித்தனி நாளில், ஒரே விபரத்தைக் கேட்கும். நோயாளரைப் பார்ப்பதா, படிவம் நிரப்புவதா? திட்டத்தார் வைத்தியரைச் சுட்டுகின்றனர்; வைத்தியர் திட்டத்தாரைச் சுட்டுகின்றனர். எல்லார்க்கும் உரிய வேலை எவர்க்கும் உரியதன்று ஆகிவிடுகிறது. நம் கிராமத்துப் பொதுக் கிணற்றுத் துலாவைத் திருத்தும் கதையே இதுவும்.

ஆகவே பிழையை அறவே ஒழித்தல் எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். மனிதர் தொகுக்கும் எந்தப் பட்டியலிலும் பிழை வரும். அப்படியாயின் கேட்கவேண்டிய கேள்வி: வந்த பிழையின் விலையை யார் கொடுப்பது? இதுவே விடயத்தின் உயிர்நிலை என்று நான் எண்ணுகிறேன்.

இன்றுவரை அவ்விலையைப் பெரும்பாலும் கொடுத்தவர் முதியவரே. இரண்டு உதாரணம் சொல்கிறேன். வேலையை விட்ட ஒருவரிடம், 'பழைய நிறுவனத்தின் காப்புறுதியைக் காசு கட்டித் தொடர்ந்தாற் போதும். மெடிக்கெயாருக்கு அவசரமில்லை' என்று ஒருவர் சொல்லிவிடுகிறார் என்று கொள்வோம். அது பிழை. வேலையிலிருக்கும்பொழுது உள்ள காப்புறுதியே தாமதத்துக்குக் காரணமாக ஏற்கப்படும். காலந்தாழ்த்தும் ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் வைத்தியர் பகுதியின் மாதக் கட்டணம் நூற்றுக்குப் பத்து வீதம் கூடும். மூன்று ஆண்டு தவறினால் முப்பது வீதம். 2024ஆம் ஆண்டுக் கட்டணமான 174 டொலர் 70 சதத்தின்மேல் ஏறத்தாழ 52 டொலர். அதுவும் ஓராண்டுக்கன்று, அப்பகுதியில் இருக்கும் காலம் முழுவதற்கும், அஃதாவது பெரும்பாலோர்க்கு ஆயுள் முழுவதற்கும்.

மற்றொன்று: பழைய அரசாங்க வழியில் மிஞ்சும் செலவைத் தாங்கும் துணைக் காப்புறுதியை, அறுபத்தைந்து வயதாகி வைத்தியர் பகுதியிற் சேர்ந்த முதல் ஆறு மாதங்களுக்குள் கேட்டால் எந்த நிறுவனமும் நோயைக் காட்டி மறுக்கமுடியாது. அக்காலம் கழிந்தபின், சில விதிவிலக்குகள் தவிர, மறுக்கலாம். கனெற்றிக்கற், மசச்சூசெற்ஸ், மெயின், நியூ யோர்க் ஆகிய நான்கு மாநிலங்களே இந்தக் கதவைப் பின்னரும் திறந்துவைத்திருக்கின்றன. 'பிடிக்காவிட்டால் எப்பொழுதும் திரும்பி வரலாம்' என்று தரகர் சொல்லும் சொல்லில் பாதி உண்மை உண்டு. திரும்பி வரலாம், துணைக் காப்புறுதி கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. 2025இற் பெரும்பாலான மாநிலங்களில், புதிதாக ஒருவரைத் தனியார் திட்டத்திற் சேர்க்கும் தரகருக்குக் கொடுக்கத்தக்க உச்சக் கூலி 626 டொலர். கேட்டவர்க்கோ ஆயுட்காலப் பூட்டு.

சட்டம் இதனைச் சிறிது சிறிதாக உணர்ந்து வருகிறது. அரசாங்க உத்தியோகத்தர் சொன்ன பிழையால் ஒருவர் பதிவு தவறினால், அதனைச் சீர்செய்ய முன்னரே இடமிருந்தது. தொழில் கொடுத்தவரோ காப்புறுதித் திட்டமோ தரகரோ சொன்ன பிழையால் தவறியவர்க்கு 2023 சனவரி 1 முதலே அவ்வழி திறந்தது. 2020இல் இயற்றப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்த மற்றொரு சட்டம் இன்னும் ஒருபடி மேலே போயிற்று. பட்டியலில் வைத்தியர் பெயர் பிழையாக இருந்து, அதனை நம்பி நோயாளர் சென்றால், அவரிடம் பட்டியல் சரியாயிருந்தாற் கட்டவேண்டிய தொகையை மட்டுமே வாங்கலாம் என்றது. எவ்வளவு நேர்மையான விதி! ஆனால் அச்சட்டம் உழைக்கும் வயதினரின் காப்புறுதிகளுக்கே பொருந்தியது. மெடிக்கெயாரின் தனியார் திட்டங்களை அது தொடவில்லை. இளையவர் பட்டியலை நம்பி ஏமாந்தால் நிறுவனம் விலை கொடுக்கும். முதியவர் ஏமாந்தால் முதியவரே கொடுப்பார். அத்தான் அலைந்த 2025இல் நிலைமை இதுவே.

இந்தக் காவலை முதியோர்க்கும் நீட்டும் மசோதாக்கள் காங்கிரசில் முன்வைக்கப்பட்டன. 2026 முதல் தனியார் திட்டங்கள் தம் வைத்தியர் பட்டியலை மத்திய நிர்வாகத்திடம் கொடுக்கவேண்டும், மாற்றம் அறிந்த முப்பது நாளுக்குள் திருத்தவேண்டும், அது சரியென்று ஆண்டுதோறும் உறுதி கூறவேண்டும் என்று 2025இல் ஒரு விதியும் வந்தது. நல்லதே. ஆனால் உறுதிமொழி வேறு, பொறுப்பு வேறு. பிழைக்கு விலை கொடுக்கவேண்டி வருமென்றால், எந்த நிறுவனமும் தொலைபேசியை எடுத்து, 'ஐயா, இன்னும் அங்கே இருக்கிறீர்களா?' என்று வைத்தியரைக் கேட்கும். விலை இல்லாதவிடத்துப் பிழை மலிவாகும், மலிவானது பெருகும். இது வாணிகத்தின் இயல்பே தவிர, எவருடைய கொடுமையும் அன்று.

அத்தானின் கதை நல்லவிதமாகவே முடிந்தது. தனியார் திட்டத்தில் இருப்பவர் சனவரி முதல் மார்ச் முடிய ஒருமுறை மாறலாம் என்ற விதியை அவருக்கு எடுத்துச் சொன்னவர், ஊர்ப் பொது நூல் நிலையத்தின் ஒரு மூலையில் மேசை போட்டிருந்த ஓர் அம்மையார். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி எல்லா மாநிலங்களிலும் நடைபெறும் இலவச ஆலோசனைத் திட்டத்தின் தொண்டர் அவர். விற்பதற்கு அவரிடம் ஒன்றுமில்லை, கூலியும் இல்லை. அவர் முதலிற் செய்த காரியம் வைத்திய மனையைத் தாமே அழைத்தது. நான் பட்டியலை நம்பினேன். அவர் பட்டியலை நம்பவில்லை. 'மெடிக்கெயாரை ஏற்கிறீர்களா?' என்றும் அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால், பழைய அரசாங்க வழியை எண்ணி எல்லாரும் 'ஆம்' என்றே சொல்வார்களாம். திட்டத்தின் முழுப்பெயரையும் இலக்கத்தையும் வாசித்து, 'இந்தத் திட்டத்தில், இந்த வைத்தியர், இந்த விலாசத்தில் இருக்கிறாரா?' என்று கேட்டாராம். மார்ச் மாதத்தில் அத்தான் தம் வைத்தியரைக் கண்டார்.

இத்தனையும் கடல் கடந்த நாட்டுக் காரியமென்று நம் வாசகர் சிலர் எண்ணலாம். நம்மூர் வீடுகளில் எத்தனை பெற்றோர் பிள்ளைகளோடு வாழ அந்நாடு போயிருக்கின்றனர்! நிரந்தர வதிவுரிமையோடு தொடர்ந்து ஐந்து ஆண்டு அங்கே வாழ்ந்து அறுபத்தைந்து வயதானவர், அங்கு உழைத்திராவிட்டாலும் கட்டணம் செலுத்தி மெடிக்கெயாரிற் சேரலாம். அவர்களுக்கு அந்தக் கடிதங்களை வாசித்துச் சொல்பவர் பெரும்பாலும் மகனோ மகளோ பேரப்பிள்ளையோதான். என்னைப் போல் விடுமுறைக்குப் போன உறவினரும் உண்டு. படித்தவர் என்ற நம்பிக்கையினால் நம் வாயிலிருந்து வரும் 'பயமில்லை' என்ற சொல்லும் ஒரு தகவலே. ஆராயாது சொன்னால், அந்த விளம்பரக்காரருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

இப்பொழுது அத்தான் ஒரு பயிற்சிக் கொப்பி வைத்திருக்கிறார். இடப்புறம் தேதி, நேரம், பேசியவர் பெயர். வலப்புறம் அவர் சொன்னது. அதன் கீழே 'எழுத்தில் வந்ததா?' என்று ஒரு கேள்வி. பழைய கணித ஆசிரியரல்லவா? விடைக்கு மட்டும் அவர் புள்ளியிடுவதில்லை, வழியையும் காட்டவேண்டும். சென்ற முறை பேசியபொழுது, அந்தக் கொப்பியின் முதற் பக்கத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று கேட்டேன். சிறிது நேரம் சிரித்துவிட்டு, "உம்முடைய பேர்தான், தம்பி" என்றார்.

அந்தப் பதிவு நியாயமானது. அதை அழிக்கும்படி நான் கேட்கவில்லை.